தனிப் பயிற்சியா, குழு வகுப்பா?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக நாகர்கோவிலில் தனியாக ஜிம் பயிற்சி செய்கிறேன். டெட்லிஃப்ட் (எடைக் கம்பியைத் தரையிலிருந்து தூக்கும் பயிற்சி) எடுத்தால் இடுப்பு வலிக்கிறது. பயிற்சியாளர் நடத்தும் குழு வகுப்புக்கு மாறலாமா?
– வாசகர், தக்கலை.

பதில்: தாராளமாக மாறலாம், ஆனால் முதலில் வலியை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எடையைத் தரையிலிருந்து எடுக்கும்போது கீழ்முதுகு வளைவதையும், கம்பி காலைவிட்டு முன்னே விலகுவதையும், எதிரே கண்ணாடி இருந்தாலும் தூக்குபவரால் சரியாகக் கவனிக்க முடியாது. பக்கவாட்டில் நிற்கும் பயிற்சியாளர் அதை நொடியில் கண்டு திருத்திவிடுவார். அந்தத் திருத்தத்துக்காகத்தான் நீங்கள் கட்டணம் செலுத்துகிறீர்கள் என்பதால், சேருவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். முப்பது பேரை ஒருவரே கவனிக்கும் இடம் வேண்டாம்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியுடன் 2 நாள் தசை வலுப் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழு வகுப்புகள் பல வேகமான அசைவுகளையே நம்பியிருப்பதால், எடைப் பயிற்சியை அடியோடு கைவிட்டுவிடாதீர்கள். நம் கடலோர ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, உடற்சூடும் தணியாது. ஆகவே, பக்கத்தில் இருப்பவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முயலாமல், இடையிடையே நின்று தண்ணீர் குடியுங்கள்.