சம்பளம் 20ஆம் தேதியே தீர்ந்தால்: யுபிஐ-க்குத் தனிக் கணக்கு

"பெரிசா எதுவும் வாங்கலை, ஆனா 20ஆம் தேதியே சம்பளம் காலி"ன்னு எழுதியிருக்கீங்க. நம்புறேன். எனக்கும் டீ, ஆட்டோ, ராத்திரி 11 மணி பிரியாணின்னு யுபிஐ-யிலதான் கரைஞ்சுது. 50, 120னு போறப்ப தெரியவே இல்லை.

இன்னொரு சேமிப்புக் கணக்கு திறந்து, யுபிஐ-யை அதோட மட்டும் இணைச்சேன். திங்கள்தோறும் அதுக்கு 1,500 ரூபாய் மாத்துவேன். தீர்ந்தா அடுத்த திங்கள்தான். வாடகையும் ஆர்டியும் (மாசாமாசம் வங்கியில கட்டுற சேமிப்பு) சம்பளம் வந்த மறுநாளே போயிடும். முதல் மாசம் வியாழக்கிழமையே காலி, ரொம்பக் கஷ்டப்பட்டேன். மூணாவது மாசம் ஞாயிறு வரைக்கும் தாங்குச்சு.

இன்னைக்கே யுபிஐ செயலியில ஆட்டோபே (தானாவே பணம் பிடிக்க நாம கொடுத்த அனுமதிகள்) பக்கத்தைப் பாருங்க. பார்க்காத ஓடிடி சந்தா ஏதாவது ஓடிக்கிட்டிருந்தா அங்கேயே ரத்து பண்ணிடலாம்.

அம்மாவுக்குப் பணம் அனுப்புறதை நிறுத்தலாமான்னு கேட்டீங்களே, வேண்டாங்க. அதுல கை வைக்காதீங்க.