பொம்மைக்குத் தைத்த பழங்கால கவுன் குடைபோல விரிந்து நிற்கிறதே, ஏன்?

1800-ஆம் ஆண்டை ஒட்டிய ஆங்கிலேய கவுன் ஒன்றை மகளின் பார்பி பொம்மைக்குத் தைத்ததாகவும், அளவெல்லாம் சரியாக இருந்தும் பாவாடை கீழே விழாமல் விரிந்து நிற்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்தால் பாப்ளின் போலத் தெரிகிறது. அதுதான் காரணம்.

பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம். நம்மில் ஆறில் ஒரு பங்கு என்று வையுங்கள். கவுனின் நீள அகலத்தை ஆறால் வகுத்துவிட்டீர்கள், துணியின் கனத்தை எப்படி வகுப்பது? அந்தப் பெண்ணுக்கு உங்கள் பாப்ளின், நாம் ஜமக்காளத்தில் பாவாடை தைத்து உடுத்தியது போலத்தான்.

அதிலும் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது துணியை நம்பியே பிறந்த உடை. மார்புக்குக் கீழேயே இடுப்புக் கோடு. அங்கிருந்து பாதம்வரை ஒரே வீழ்ச்சி. மெல்லிய மஸ்லின் இருந்ததால்தான் அந்த மோஸ்தர் நின்றது. அதில் பேர்போன ரகம் வங்காளத்தில், டாக்காவைச் சுற்றிய ஊர்களில் நெய்யப்பட்டுக் கப்பலேறியது. ஆகவே மஸ்லினுக்கு நெருக்கமான துணியைத் தேடுங்கள். நம் வீடுகளில் அது மல் துணி. நான் வெட்டியது தாத்தாவின் பழைய மல் வேட்டியை. இருபது வருடம் துவைத்துத் துவைத்து வெங்காயச் சருகாகியிருந்தது. அம்மாவிடம் கேட்காமல் வெட்டியது தனிக் கதை. புதிய மல் வாங்கினால் முதலில் வெந்நீரில் இரண்டு முறை அலசிக் கஞ்சியைப் போக்குங்கள். நான் அலசாமல் தைத்த முதல் கவுன் அப்பளம் போல நின்றது.

பூப்போட்ட துணி வேண்டுமென்றால் பூ கடுகளவில் இருக்க வேண்டும். சுங்குடிப் புடவையின் புள்ளி நமக்கு அழகு. பொம்மையின்மேல் அதுவே தோசைக்கல். ஆண்கள் கைக்குட்டையின் சின்னக் கட்டம் எடுபடுகிறது. அடர் சிவப்பு, கருநீலம் இரண்டிலும் எச்சரிக்கையாக இருங்கள். சாயம் போகும் சிவப்புப் பட்டுத் துண்டில் ஒரு சால்வை செய்து போர்த்திவிட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தேன்; தோளெல்லாம் ரோஜா நிறத் திட்டு. பென்சாயில் பெராக்ஸைடு கலந்த பருக் களிம்பைத் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, பல நாள் வெயிலில் வைத்த பிறகுதான் மங்கியது. முழுதாகப் போகவில்லை.

இனி சுருக்கம். பாவாடையைச் சுற்றிலும் ஒரே சீராகச் சுருக்கியிருக்கிறீர்கள். அக்கால கவுனில் முன்பக்கம் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். சுருக்கம் பெரும்பாலும் முதுகுப் பக்கம், இரண்டு கை இணையும் இடங்களுக்கு நடுவில் குவிந்திருக்கும். மல் துணியில் பாவாடைச் சுற்றளவு பதினைந்து அங்குலம் போதும். கொஞ்சம் கனமான துணி என்றால் நான் பதினொன்றுக்கு மேல் போவதில்லை. கணக்குப்படி அது குறைவுதான், ஆனால் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது. தோள் தையலையும் உச்சியில் வைக்காமல் சற்றே முதுகுப் பக்கம் தள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே உடைக்கு அந்தக் காலத்துச் சாயல் வந்துவிடுகிறது.

உள்ளாடைகள் எல்லாவற்றையும் தைத்தே தீரவேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1690-களைச் சேர்ந்த கிளாப்பம் பிரபு, சீமாட்டி என்ற மரப் பொம்மை ஜோடி இருக்கிறது. சீமாட்டிக்கு உள்ளங்கி, இறுக்குக் கச்சை, உள்பாவாடை, காலுறை என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அவை பார்பியைவிடப் பெரிய பொம்மைகள். பார்பிக்கு அத்தனை அடுக்கையும் மாட்டினால் இடுப்பே பானையாகிவிடும். கையில்லாத ஒரே ஒரு மெல்லிய உள்பாவாடையோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

முதுகுத் திறப்புக்கு வெல்க்ரோ வேண்டாம். அந்தக் காலத்தில் அது கிடையாது என்பது கிடக்கட்டும். பொம்மையின் முடியைப் பிடித்து இழுக்கும், முதுகில் கூனும் விழும். இரண்டு பாசிமணியைப் பொத்தானாக வைத்து நூலில் காது கட்டுங்கள்.

தைத்து முடித்த கவுனைப் பொம்மைக்கு மாட்டுங்கள். தலைமுடியைத் தூக்கிக் கட்டிவிட்டு, பாவாடையில் மட்டும் தண்ணீர் தெளித்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் நீவி, மேலிருந்து கீழாகப் பழைய வெள்ளைத் துணி நாடாவைச் சுற்றி, மின்விசிறிக்கு அடியில் நிறுத்திவையுங்கள். காலைவரை அவிழ்க்காதீர்கள். இப்போது தைத்திருக்கும் பாப்ளின் கவுனையும் தூக்கிப் போட வேண்டாம். சுருக்கத்தைப் பிரித்து, சுற்றளவைக் குறைத்து, இதே போலக் கட்டிவைத்தால் பாதிக்குமேல் அடங்கிவிடும்.