சிறிய பட்டறைக்கு முதல் சிஎன்சி மில்லிங் மெஷினை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெங்களூருவின் பீன்யா தொழிற்பகுதியில் ஒரு எச்எம்டி எஃப்என்2 மில்லிங் மெஷினும் ஒரு லேத்தும் வைத்து ஜாப் ஒர்க் செய்துவரும் நீங்கள், 25 முதல் 30 லட்சம் ரூபாய்க்குள் முதல் விஎம்சி (டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் செங்குத்தாக உள்ள சிஎன்சி மில்லிங் மெஷின்) வாங்க நினைப்பதாகவும், எந்த அளவு, எந்த கண்ட்ரோலர் (மெஷினை இயக்கும் கணினி), புதியதா பழையதா என்பதில் தெளிவு இல்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அலுமினிய ஹவுசிங்குகளும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஃபிக்ஸ்ச்சர் பிளேட்டுகளும் செய்வதாக எழுதியிருப்பதால், அதே வகை வேலையை ராஜாஜிநகர் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். 2011இல் நான் வாங்கிய முதல் மெஷின் தவறான தேர்வு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலில் உள்ள பாதி விஷயம் அந்த மெஷின் கற்றுக்கொடுத்ததுதான்.

கேட்லாக்கைத் திறப்பதற்கு முன், கடந்த ஓராண்டின் பில் புத்தகத்தையும் டிராயிங்குகளையும் எடுத்து மேசையில் பரப்பி, ஒவ்வொரு ஜாபின் நீள அகல உயரம், மெட்டீரியல், அதில் உள்ள மிக நெருக்கமான டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு), ஒரு லாட்டுக்கு எத்தனை பீஸ் ஆகிய நான்கை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நான் இதைச் செய்யாமல், பெரிய மெஷின் இருந்தால் பெரிய வேலை தேடி வரும் என்ற நம்பிக்கையில், எக்ஸ் அச்சில் (மேசையின் நீளவாக்கில்) 1000 மி.மீ. ஓட்டம் உள்ள பழைய தைவான் மெஷின் ஒன்றை வாங்கினேன். வந்த வேலைகளில் மிகப் பெரியது 380 மி.மீ. நீளம். மேசையின் இரு ஓரங்களும் ஆண்டுக்கணக்கில் ஸ்பேனரும் டீ கிளாசும் வைக்கத்தான் பயன்பட்டன.

உங்களைப் போன்ற பட்டறைக்கு எக்ஸ் 600, ஒய் 450, இசட் 500 மி.மீ. அளவிலான ஓட்டமும் பிடி40 டேப்பரும் (டூல் ஹோல்டர் அமரும் கூம்புத் துளையின் அளவு) கொண்ட மெஷின் போதும் என்பது என் கருத்து. அதைவிடச் சிறிய பிடி30 டேப்பர் உள்ள டிரில்-டேப் மெஷின்கள் வேகமானவை, அலுமினியத்துக்கு அருமையானவை, ஆனால் எம்.எஸ். பிளேட்டில் 63 மி.மீ. ஃபேஸ் மில் (பரப்பைச் சமமாக்கும் அகலமான டூல்) ஓட்ட வேண்டிய பட்டறைக்கு அது முதல் மெஷின் அல்ல. எக்ஸ் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு யாரும் உயர ஓட்டமான இசட்டைப் பற்றி யோசிப்பதில்லை. வைஸ் (ஜாபைப் பிடிக்கும் இடுக்கி) 130 மி.மீ. உயரம், ஜாப் 100, ஹோல்டரும் நீளமான டிரில்லும் சேர்ந்து 220 என்று வைத்தால், டிரில் நுனி ஜாபைத் தொடும்போதே ஸ்பிண்டில் முகம் மேசையிலிருந்து 450 மி.மீ. மேலே இருக்கும், அதற்கு மேல் டூல் விலகி நிற்க இன்னும் 100 வேண்டும். ஆகவே ஸ்பிண்டில் முகத்துக்கும் மேசைக்கும் உள்ள குறைந்த, அதிக தூரங்களைக் கேட்லாக்கில் பார்த்து இந்தக் கூட்டலை உங்கள் ஜாபுக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஸ்பிண்டில் வேகத்தில் நான் செய்த தவறு இன்னும் பெரியது. என் மெஷின் 6000 ஆர்பிஎம். 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில்லை அலுமினியத்தில் நிமிடத்துக்கு 300 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 9550 ஆர்பிஎம் தேவைப்படும். 6000இல் அது 188 மீட்டர்தான். டூல் கேட்கும் வேகத்தை மெஷின் தர முடியாததால், அலுமினிய ஹவுசிங் ஒவ்வொன்றிலும் மற்றவர்களைவிட எனக்கு நேரம் கூடுதலாகப் பிடித்தது, அந்த நேரத்துக்கு வாடிக்கையாளர் பணம் தரவில்லை. மறுபக்கம், அதே 10 மி.மீ. எண்ட் மில் எம்.எஸ்.ஸில் 120 மீட்டர் வேகத்துக்கு 3800 ஆர்பிஎம் அளவுதான் கேட்கும், 63 மி.மீ. ஃபேஸ் மில் 180 மீட்டரில் சுமார் 910 மட்டுமே கேட்கும். இங்கே வேகம் அல்ல, கீழ் ஆர்பிஎம்மில் டார்க் (சுழற்று விசை) எவ்வளவு என்பதுதான் கேள்வி. 5.5 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், முழு பவர் கிடைக்கத் தொடங்கும் அடிப்படை வேகம் 1500 ஆர்பிஎம்மாக உள்ள மோட்டாரில் 910இல் கிடைப்பது ஏறத்தாழ 3.3 கிலோவாட்தான். எனவே பவர்-டார்க் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தரத் தயங்குபவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். அலுமினியமும் எம்.எஸ்.ஸும் கலந்த உங்கள் வேலைக்கு 10,000 ஆர்பிஎம் ஸ்பிண்டில் பொருத்தமாக இருக்கும். அச்சுகள் நகரும் தடமான கைடுவேயைப் பொறுத்தவரை, இந்த அளவு மெஷினில் எல்.எம். கைடு (உருளும் தாங்கிகளில் ஓடும் தடம்) போதும்; பாக்ஸ் வே (வழுக்கி நகரும் தடம்) கனமான ஸ்டீல் வெட்டுக்கு உரியது.

விற்பனையாளர்கள் அதிகம் பேசுவது வெட்டாமல் நகரும் ரேப்பிட் வேகத்தையும் டூல் மாற்றும் நேரத்தையும் பற்றித்தான். ஒரு லாட்டுக்கு 20 பீஸ், ஒரு பீஸுக்கு 9 நிமிடம், 8 டூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மொத்த ஓட்டம் 3 மணி நேரம். டூல் மாற்றத்தில் ஒவ்வொரு முறையும் 2 விநாடி மிச்சமானால், லாட் முழுவதற்கும் மிச்சமாவது 5 நிமிடம் 20 விநாடி. அதே லாட்டுக்கு வைஸை டயல் கேஜ் வைத்து நேராக்கி, எட்டு டூலுக்கும் காகிதத் துண்டை வைத்து உயரம் தொட்டு, ஜாபின் மூலையைக் கண்டுபிடித்து முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடும். சிறு லாட் செய்யும் பட்டறையில் பணம் கரைவது இந்த இரண்டு மணி நேரத்தில்தான். ஆகவே, அதிவேக மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையை, நல்ல இரண்டு வைஸ்கள், மேசையில் நிரந்தரமாகப் பொருத்திய ஒரு பேஸ் பிளேட், டூல் உயரத்தை அளக்கும் ஒரு டூல் செட்டர், முடிந்தால் ஜாபின் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு ஒர்க் ப்ரோப் ஆகியவற்றுக்குச் செலவிடுவது மேல் என்பேன்.

இதிலிருந்து பட்ஜெட் விஷயம் தொடங்குகிறது. 30 லட்சம் கையில் இருந்தால் 30 லட்சத்துக்கு மெஷின் பார்க்காதீர்கள். ஹோல்டர்கள், கொலெட்டுகள், எண்ட் மில்கள், டேப்புகள், வைஸ், கம்ப்ரஸரும் ஏர் டிரையரும், சர்வோ ஸ்டெபிலைசர், தனி எர்த்திங், டிராயிங்கிலிருந்து புரோகிராம் உருவாக்கும் கேம் மென்பொருள், மின் நிறுவனமான பெஸ்காமில் கூடுதல் லோடு அனுமதி என்று மெஷினைச் சுற்றி நிற்கும் செலவு, என் அனுபவத்தில், மெஷின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையவில்லை. ஏர் டிரையரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்; மழைக்காலத்தில் காற்றோடு வரும் ஈரம் ஸ்பிண்டில் டேப்பரில் துருவாகப் படிவதை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த விலை பெரிதாகத் தெரியாது. ஹோல்டர் வாங்கும்போது ஹோல்டரை ஸ்பிண்டில் இழுத்துப் பிடிக்க உதவும் புல் ஸ்டட்டின் கோணம் உங்கள் மெஷினுக்கு உரியதுதானா என்று பாருங்கள். 45 டிகிரி வேண்டிய இடத்தில் வேறு கோணம் உள்ளதைத் திருகிப் போட்டால், டூல் சரியாகப் பிடிபடாமல் ஸ்பிண்டிலையே பாழாக்கும். மெஷினுக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், முதல் நாளில் அதையும் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கடன் வாங்குவதானால் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 25 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 54,350 ரூபாய். ஒரே ஷிப்டில் மாதம் 200 மணி நேரம் பட்டறை திறந்திருந்தாலும், ஸ்பிண்டில் உண்மையில் சுற்றுவது 120 மணி நேரம் என்றால், தவணை மட்டுமே மணிக்கு 450 ரூபாய்க்கு மேல் வருகிறது. இதன் மேல் ஆபரேட்டர் சம்பளம், வாடகை, மின்சாரம், டூல் தேய்மானம் எல்லாம் ஏறும். நீங்கள் இருக்கும் தெருவில் விஎம்சி வேலைக்கு மணிக்கு என்ன கூலி ஓடுகிறது என்பதை இந்தத் தொகையோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

துல்லியத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மெஷினின் பொசிஷனிங் துல்லியத்தை ஜப்பானிய ஜேஐஎஸ் முறையில் சொன்னால் அழகான எண்ணும், ஐஎஸ்ஓ 230-2 முறையில் இரு திசையிலும் பலமுறை அளந்து சொன்னால் சற்றுப் பெரிய எண்ணும் வரும். எந்த முறை என்று கேட்காமல் இரண்டு கேட்லாக்குகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆனால் நம் பட்டறைகளில் டாலரன்ஸைத் தின்பது பெரும்பாலும் மெஷின் அல்ல, தகரக் கூரை. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், ஸ்டீல் அதில் பாதி. காலையில் சரியாக இருந்த 300 மி.மீ. மையத் தூரத்தை, எட்டு டிகிரி சூடேறிய மதியத்தில், ஜாபும் கேஜும் அதே சூட்டில் இருக்கும்போது ஸ்டீல் கேஜோடு ஒப்பிட்டால் 27 மைக்ரான் அளவுக்கு வேறுபாடு தெரியும். ±0.02 கேட்கும் டிராயிங்கில் அது ரிஜெக்ட். மெஷினை மேற்குச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் இருப்பதே இலவசமாகக் கிடைக்கும் துல்லியம்.

கண்ட்ரோலர் விஷயத்தில் நான் பழமைவாதி. ஃபனுக், சீமென்ஸ், மிட்சுபிஷி மூன்றுமே நல்லவை. ஆனால் உங்கள் ஆபரேட்டர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டால், மறுநாள் காலை ஓசூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்து நிற்கும் பையனுக்கு எது தெரியும் என்பதைப் பார்க்க வேண்டும், பீன்யாவில் அது பெரும்பாலும் ஃபனுக். எந்தக் கண்ட்ரோலர் எடுத்தாலும் நான்காவது அச்சுக்கான (ஜாபைச் சுழற்றும் அச்சு) முன்னேற்பாட்டை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். பின்னால் சேர்க்கப்போனால் ஆம்ப்ளிஃபையர், கேபிள், மென்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்வார்கள்.

மெஷின் தயாரிப்பாளர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பிஎஃப்டபிள்யூவும் ஏஸ் மேனுஃபேக்சரிங் சிஸ்டம்ஸும் பெங்களூருவிலேயே இருக்கின்றன. கோயம்புத்தூரின் எல்எம்டபிள்யூ, ராஜ்கோட்டின் ஜோதி, அமெரிக்காவின் ஹாஸ் ஆகியவற்றையும் பார்க்கலாம். ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரி மாதம் தும்கூரு சாலை பிஐஇசி கண்காட்சி மையத்தில் நடக்கும் இம்டெக்ஸ் கண்காட்சியில் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் பார்த்துவிடலாம். ஆனால் கண்காட்சியில் ஓடும் பளபளப்பான டெமோ ஜாபை நம்ப வேண்டாம். உங்கள் பட்டியலிலிருந்து மிகவும் தொல்லை தரும் மூன்று டிராயிங்குகளையும் உங்கள் சொந்த மெட்டீரியலையும் எடுத்துச் சென்று, அவர்கள் இடத்திலேயே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அதே மாடலை வைத்திருக்கும் இரண்டு பட்டறைகளுக்குத் தனியாகப் போய், மெஷின் நின்றால் சர்வீஸ் ஆள் எத்தனை நாளில் வருகிறார் என்று முதலாளியிடம் கேட்காமல் ஆபரேட்டரிடம் கேளுங்கள்.

பழைய மெஷின் வாங்கலாமா என்றால், பார்க்கத் தெரிந்தால் வாங்கலாம். ஹேண்ட் வீலை 0.01க்கு வைத்து, டயலை மேசையில் பொருத்தி, ஒரு திசையில் பத்து முறை தட்டிவிட்டு எதிர்த் திசையில் தட்டுங்கள். எத்தனையாவது தட்டில் முள் அசைகிறது என்பது மேசையை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் வயதைச் சொல்லிவிடும். அது சரியாக இருந்தாலும் ஃபனுக்கில் 1851ஆம் பாராமீட்டரை (மெஷினின் உள் அமைப்பு எண்) திறந்து பாருங்கள். பேக்லாஷை (திசை மாறும்போது வரும் வெற்று ஆட்டம்) ஈடுகட்டப் போட்டிருக்கும் எண் அங்கே இருக்கும். தேய்ந்த ஸ்க்ரூவை அந்த எண்ணால் மறைத்துத்தான் பலர் விற்கிறார்கள்.

எனக்கு விற்ற தரகர் மின் வரைபடமும் தரவில்லை, பாராமீட்டர் பேக்கப்பும் தரவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. இரண்டாம் ஆண்டு ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மெயினை அணைத்துவிட்டு, ஊரில் ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் போய்விட்டேன். திரையின் ஓரத்தில் பேட்டரி எச்சரிக்கை பல வாரங்களாக மினுக்கிக்கொண்டிருந்ததை ஆபரேட்டர் பார்த்திருக்கிறார். அது மெஷினுக்கு வழக்கம் என்று நினைத்திருக்கிறார். திரும்பி வந்து மெயினைப் போட்டபோது திரை முழுக்க அலாரம். நினைவகத்தைக் காக்கும் பேட்டரி தீர்ந்து, பாராமீட்டர், புரோகிராம், ஆஃப்செட், பால் ஸ்க்ரூவின் பிட்ச் பிழைத் திருத்தம் (மரையின் சிறு பிழைகளை ஈடுகட்டும் எண்கள்) எல்லாம் அழிந்திருந்தன. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த பாதி கிழிந்த பாராமீட்டர் தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டி மெஷினை உயிர்ப்பிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. பிட்ச் பிழைத் திருத்தத்துக்கு லேசர் வைத்து மறுபடி அளக்க வேண்டியிருந்தது. மெஷின் ஆனில் இருக்கும்போதே ஆண்டுக்கொரு முறை அந்த பேட்டரியை மாற்றியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

ஆகவே புதியதோ பழையதோ, கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், முழு பேக்கப் உள்ள மெமரி கார்டு, மின் வரைபடம், பால்பார் சோதனை (மெஷின் வட்டத்தை எவ்வளவு சரியாகச் சுற்றுகிறது என்பதைப் பார்க்கும் சோதனை) அறிக்கை மூன்றையும் உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டின் ஒரு பிரதியைப் பட்டறைக்கு வெளியே வையுங்கள். என்னுடையது வீட்டில் நகைப்பெட்டியில் இருக்கிறது, மனைவிக்கு அதில் வருத்தம்தான்.

கேள்வியில் உங்கள் ஷட்டரின் உயரத்தையும் தரையின் நிலையையும் நீங்கள் எழுதவில்லை. இந்த அளவு மெஷின் நான்கைந்து டன் எடையும் இரண்டரை மீட்டருக்கு மேல் உயரமும் இருக்கும். என் பக்கத்துப் பட்டறைக்காரர், ஹைட்ரா கிரேன் வாசலில் மணிக்கணக்கில் காத்திருக்க, ஷட்டர் பெட்டியைக் கழற்றித்தான் தன் மெஷினை உள்ளே தள்ளினார். அளந்து, மேலே சொன்ன நான்கு விவரப் பட்டியலோடு சேர்த்து எழுதினால், எந்த மாடல் பொருந்தும் என்று குறிப்பாகச் சொல்ல முயல்கிறேன்.