முயல் குட்டிகளை வெளிக்கூண்டுக்கு மாற்றுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வீட்டுக்குள் இரண்டு முயல் குட்டிகள் வளர்கின்றன. ஏழு வாரம் முடிந்துவிட்டது. தோட்டத்துக் கூண்டும் தயார். இந்த வாரமே கொண்டுபோய் விடலாமா?

பதில்: வேண்டாம். 8 வாரம் வரை தாயோடு இருக்க வேண்டிய வயது அது. தாய்ப்பால் நின்றதும் பாலால் கிடைத்த பாதுகாப்பு போய்விடும். புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்களோ குடலில் இன்னும் முழுதாகக் குடியேறியிருக்காது. குட்டிகள் கழிச்சல் கண்டு சாவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பால் மறந்து, நன்றாகத் தின்று, எடை ஏறிக்கொண்டிருக்கும் குட்டியை 12 வாரம் வாக்கில் மாற்றுங்கள். இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்காத, பகல் 25 டிகிரியைத் தாண்டாத நாட்களாகப் பாருங்கள். வயது வந்துவிட்டது, ஆனால் வெளியே கடும் குளிர் அல்லது கொளுத்தும் வெயில் என்றால் பருவம் மாறும்வரை உள்ளேயே இருக்கட்டும்.

இடம், தீவனம், துணை, தட்பவெப்பம் ஆகிய நான்கில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பலர் நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். பிறகு குட்டி சோர்ந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கேள்வி: படிப்படியாகப் பழக்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை படி, எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: இரண்டிலிருந்து மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் காலையிலோ மாலையிலோ அரை மணி நேரம் மட்டும் கூண்டில் விட்டு, பக்கத்திலேயே இருங்கள். அந்த வேளைகளில்தான் முயல் இயல்பாகச் சுறுசுறுப்பாக இருக்கும். பிறகு ஒரு மணி, இரண்டு மணி, அரை நாள் என்று ஏற்றி, ஒரு வாரம் பத்து நாளில் பகல் முழுதும் வெளியே இருக்கட்டும். பகலில் தயங்காமல் தின்கிறது, கால் நீட்டிப் படுக்கிறது என்றால் இரவை ஆரம்பிக்கலாம். முதல் இரவு மழை, காற்று இல்லாத நாளாக இருக்கட்டும்.

வீட்டில் பயன்படுத்திய படுக்கைப் புல்லில் ஒரு கைப்பிடி, மூத்திரத் தட்டில் இருந்த புழுக்கையில் கொஞ்சம், இரண்டையும் புதுக் கூண்டில் போட்டு வையுங்கள். தன் வாசனை இருக்கும் இடத்தில் குட்டி சீக்கிரம் அடங்கும். கழிக்கும் மூலையையும் தானே பிடித்துக்கொள்ளும். பதுங்குவதற்கு ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும். அதற்கு இரண்டு வாசல் வையுங்கள். ஒரே வாசல் என்றால் ஒன்று வழியில் படுத்து, மற்றது உள்ளே மாட்டிக்கொள்ளும்.

தினமும் காலையில் புழுக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல புழுக்கை பட்டாணி அளவில் உருண்டையாக, உலர்ந்து இருக்கும். விரலால் நசுக்கினால் உள்ளே புல் நார் தூள்தூளாக உதிரும். உருண்டை சின்னதாகிக் கறுத்து இறுகினால் குட்டி குறைவாகத் தின்கிறது என்று அர்த்தம். அன்று நேரத்தைக் கூட்டாதீர்கள், ஒரு படி பின்வாங்குங்கள். வாரம் இரண்டு முறை சமையலறைத் தராசில் எடை போடுங்கள். வளரும் குட்டியின் எடை இறங்கினால் மட்டுமல்ல, ஏறாமல் நின்றாலே விசாரிக்க வேண்டும்.

கேள்வி: கோழி வலை போட்டுக் கூண்டு அடித்திருக்கிறேன். நல்ல இறுக்கமாகத்தான் இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. கோழியை உள்ளே நிறுத்தத்தான் அந்த வலை. நாயையும் நரியையும் வெளியே நிறுத்தும் பலம் அதற்கு இல்லை. முறுக்கிய மெல்லிய கம்பி, ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். முயலும் உள்ளேயிருந்து கடித்துவிடும். பற்றவைத்த கம்பி வலை, அதாவது வெல்ட் மெஷ் வாங்குங்கள். கம்பி 16 கேஜ், ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் கனம். கட்டம் அரை அங்குலம், 13 மில்லிமீட்டர். ஒரு அங்குலக் கட்டத்தில் நாய் நுழையாது, எலியும் குட்டிப் பாம்பும் நுழையும்.

அடிக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. ஸ்டேப்ளர் பின் அடித்த வலையை ஒரு பெரிய நாய் நகத்தால் இழுத்தே பிடுங்கிவிடும். வலையின் ஓரத்தை மரச்சட்டத்தின்மேல் மடித்து, 10 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்க்ரூவும் அகல வாஷரும் போட்டு முடுக்குங்கள். முடிந்தால் மேலே ஒரு மரப்பட்டியும் அடியுங்கள். கதவுக்குச் சுழலும் மரத்துண்டு வேண்டாம். மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். ஒரே தாழ் என்றால் எதிர் மூலையை நெம்பி விலக்க முடியும்.

தரை மண்ணாக இருந்தால் இதே வலையைக் கூண்டைச் சுற்றி வெளிப்பக்கமாக 45 சென்டிமீட்டர் அகலம் படுக்கவைத்து, மேலே மண்ணோ கல்லோ போடுங்கள். தோண்ட வரும் விலங்கு சுவர் ஓரத்தில்தான் தோண்டும். வலை தட்டினால் பின்னால் தள்ளித் தோண்டத் தெரியாது. முயல் உள்ளேயிருந்து தோண்டித் தப்பாமல் இருக்கச் சுவர் வலையைக் கீழ்நோக்கியும் 30 சென்டிமீட்டர் இறக்குங்கள். மேல்பக்கமும் மூடியிருக்க வேண்டும், பருந்தும் பூனையும் மேலிருந்துதான் வரும். உள்ளே நுழைய முடியாத நாய்கூட வலையைச் சுற்றி ஓடினாலே குட்டி பயத்தில் செத்துப்போக வாய்ப்பு உண்டு. அதனால் பெட்டி வெளியிலிருந்து பார்வைக்குப் படாத பக்கமாக இருக்கட்டும்.

கேள்வி: அடித்தளமும் கம்பி வலையாக இருந்தால் சுத்தம் செய்வது சுலபம்தானே?

பதில்: உங்களுக்குச் சுலபம், முயலுக்குப் புண். அதன் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல் மெத்தை கிடையாது, மயிர் மட்டுமே. கம்பியில் நின்று நின்று குதிகால் மயிர் தேய்ந்து, தோல் சிவந்து, புண் எலும்புவரை போகும். திடமான தளம் போட்டு மேலே காய்ந்த புல் பரப்புங்கள்.

கேள்வி: கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: இரண்டு முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். இது தூங்கும் பெட்டியும் ஓடும் இடமும் சேர்ந்த அளவு. பகலில் வெளியே விடுகிறேன் என்று சொல்லி ராத்திரி சின்னப் பெட்டியில் அடைப்பது சரியல்ல. முயலுக்கு ஓடத் தோன்றுவதே அந்தியிலும் விடியலிலும்தான்.

கேள்வி: மேலே தகரம் போட்டிருக்கிறேன். மதியம் குட்டிகள் மல்லாந்த மாதிரி கிடக்கின்றன. வெயிலா, தூக்கமா?

பதில்: தகரத்தை இன்றே சரி செய்யுங்கள். முயலுக்கு வியர்வையால் உடம்பைக் குளிரவைக்க வழியில்லை. சூட்டை முக்கியமாகக் காது வழியாகத்தான் வெளியேற்றும். 26 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குச் சிரமம், 30-ஐத் தாண்டினால் ஆபத்து. தகரத்துக்கு மேலே 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு கூரை போடுங்கள். நடுவில் காற்று ஓடினால் மேல்கூரையின் சூடு கீழே இறங்காது. காலையில் நிழலாக இருக்கும் இடம் மதியம் மூன்று மணிக்கு வெயிலில் நிற்கலாம். ஒரு நாள் முழுக்க நிழல் எப்படி நகர்கிறது என்று பார்த்துவிட்டுக் கூண்டின் இடத்தை முடிவு செய்யுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

பக்கவாட்டில் தளர்ந்து படுத்து, தொட்டதும் தலை தூக்கினால் தூக்கம். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, எச்சில் வழிவது, காது சிவந்து சுடுவது, நிற்க முடியாமல் துவள்வது இவையெல்லாம் வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குத் தூக்கி, காதையும் பாதத்தையும் குளிர்ந்த தண்ணீரால் நனைத்தபடியே மருத்துவரிடம் போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே நின்றுவிடும்.

கேள்வி: அப்போ குளிருக்கு?

பதில்: நனையாமல், காற்று அடிக்காமல் இருந்தால் வளர்ந்த முயல் குளிரை நன்றாகத் தாங்கும். தூங்கும் பெட்டியைத் தரையிலிருந்து 20 சென்டிமீட்டராவது உயர்த்தி வையுங்கள், அதன் திறந்த முகம் காற்று வரும் திசையைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியிருக்கட்டும். பெட்டியில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உலர்ந்த வைக்கோல் போடுங்கள். பிளாஸ்டிக் தாளால் முழுதாக மூடிவிடாதீர்கள். மூத்திரத்தின் அமோனியா உள்ளே தேங்கி, சளியும் மூச்சுக் கோளாறும் வரும். குளிர்காலத்தில் வெளியே இருக்கும் முயலைப் பாவம் என்று ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவந்து மறுபடி வெளியே விடுவதும் கூடாது.

கேள்வி: தோட்டத்தில் பசும்புல் தாராளம். வெளியே விட்டதும் மேயட்டும் என்று விட்டேன். மறுநாள் பின்பக்கமெல்லாம் இளகிய புழுக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதில்: உள்ளே காய்ந்த புல்லில் வளர்ந்த குட்டிக்குத் திடீரென்று வயிறு நிறையப் பசும்புல் கிடைத்தால் இப்படித்தான் ஆகும். பசும்புல்லை இப்போது நிறுத்துங்கள், காய்ந்த புல்லும் தண்ணீரும் போதும். புழுக்கை சரியான பிறகு முதல் நாள் 10 நிமிடம் மட்டும் மேயவிட்டு, இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். பெல்லட் தீவனமும் பழைய வகையே தொடரட்டும். புல்வெட்டும் இயந்திரத்தில் நறுக்கிய புல்லைப் போடவே போடாதீர்கள், குவிந்த சில மணி நேரத்திலேயே அது புளித்துச் சூடேறும்.

ஒட்டுவது வேறு, தண்ணீராகப் போவது வேறு. தண்ணீராகப் போனால் அல்லது வயிறு உப்பினால் காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி மிகச் சாதாரணம். புழுக்கையை மருத்துவரிடம் பரிசோதித்து மருந்து வாங்குங்கள். வெளியே விழுந்த புழுக்கையில் அது தொற்றும் நிலைக்கு வர ஓரிரு நாள் பிடிக்கும். ஆகவே தினமும் புழுக்கையை வாரினாலே பாதிச் சங்கிலி அறுந்துவிடும். ப்ளீச்சிங்கில் அது சாகாது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள், முயலை வெளியே எடுத்த பிறகு. மேயும் இடத்தில் அரளி, ஊமத்தை, உருளைக்கிழங்குச் செடி, தக்காளி இலை, வெங்காயத் தாள் இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வெளியே ஈ, கொசு அதிகம். தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்குப் போடும் சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறது. போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். ஃபிப்ரோனில் கலந்த சொட்டு மருந்து முயலைக் கொன்றுவிடும். முயலுக்கு எது பாதுகாப்பானது என்று மருத்துவரிடம் கேட்டு, எடைக்கு ஏற்ற அளவில் மட்டும் போடுங்கள்.

ஈ விஷயத்தில் மருந்தைவிட உங்கள் கண்தான் முக்கியம். பின்பக்கம் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் பச்சை ஈ அங்கே முட்டையிடும். சூடான நாளில் 12 மணி நேரத்திலேயே புழு வெளிவந்து தோலைத் தின்ன ஆரம்பிக்கும். வெயில் காலத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் குட்டியைத் தூக்கி வாலடியைப் பாருங்கள். ஒரு புழு தெரிந்தாலும் அது அவசரம்.

கொசுவும் தெள்ளும் மிக்சோமட்டோசிஸ் என்ற நோயைப் பரப்பும். இன்னொன்று முயல் ரத்தக்கசிவு நோய். 1984-ல் சீனாவில் முதலில் அறியப்பட்டது. 2010-ல் பிரான்சில் தெரியவந்த இரண்டாவது வகை சின்னக் குட்டிகளையும் விடுவதில்லை. இந்த நோய் செருப்பு, ஈ, வெட்டிய புல் வழியாகவும் வரும். தடுப்பூசி கிடைக்கும் இடமாக இருந்தால் வெளியே விடும் முன்பே போட்டுவிடுங்கள். சிலவற்றை 5 வாரத்திலிருந்தே போடலாம். எதிர்ப்புச் சக்தி வர மூன்று வாரம் வரை ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: அக்கா, நான் பள்ளியில் படிக்கிறேன். என்னிடம் இருப்பது அண்ணன் தங்கை ஜோடி. ஒன்றாகவே விடலாம்தானே?

பதில்: விடக்கூடாது தம்பி. அண்ணன் தங்கை என்பது முயலுக்குத் தெரியாது. 10 வாரத்தில் மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதி செய்துகொள், கடையில் சொன்னது பல சமயம் தப்பாக இருக்கும். 12 வாரத்துக்குள் பிரித்துவிடு. பெண் நான்கு மாதத்திலேயே சினையாகலாம், 31 நாளில் ஈன்றுவிடும். பிரித்தாலும் வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பார்க்கும்படி வை, தனிமை அவற்றுக்கு ஆகாது. ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்த பிறகும் ஆறு வாரம் வரை சேர்க்காதே, அதுவரை சினைப்படுத்தும் திறன் மிச்சமிருக்கும்.

கேள்வி: நேற்று மாலை வெளியே விட்டோம். ராத்திரியிலிருந்து மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது. இலை வைத்தும் தொடவில்லை. பழகிவிடுமா?

பதில்: இது பழக்கப் பிரச்சினை இல்லை. உடனே உள்ளே எடுங்கள். முயல் 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் குடல் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள், வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதனால் முடியாது. காதைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, ஒதுங்க இடம் விட்டு, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வயிறு பந்து மாதிரி இறுகியிருந்தால் வாயில் எதையும் ஊட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின் போன்ற மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கவே வேண்டாம். அது குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிரைக் கொன்று, முயலையும் கொல்லும். துணைக்குட்டி இருந்தால் அதையும் கூடவே எடுத்துப் போங்கள். பக்கத்தில் துணை இருந்தால் பயம் குறைந்து சீக்கிரம் தின்ன ஆரம்பிக்கும். திரும்பி வந்தபின் வாசனை மாறிச் சண்டை போடுவதும் இருக்காது.