மகளுக்கு காமெட்கே (கர்நாடகத் தனியார் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) மூலம் பெங்களூரில் பொறியியல் இடம், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கட்டணம். நகையை விற்பதா, கல்விக் கடன் வாங்குவதா?

நகையில் கை வைக்காதீர்கள். கடன் வாங்குங்கள், ஆனால் மொத்தக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்ட வேண்டாம்.

பெங்களூர் அல்சூரிலேயே வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், ஹாஸ்டல் செலவு இல்லை. நான்கு ஆண்டுக்குப் பத்து லட்சம். ஏழரை லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி உண்டு. அதன் கீழ் வரும் கடனுக்கு வீட்டுப் பத்திரமோ ஷ்யூரிட்டியோ கேட்கக் கூடாது. அதற்கு மேல் போனால் பொதுவாக அடமானம் கேட்பார்கள். ஆண்டுக்கு 1,87,500 வங்கியிடமிருந்து, மீதி 62,500 உங்கள் கையிலிருந்து. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு 5 சதவீதம் உங்கள் பங்காக இருக்க வேண்டும் என்ற விதியும் இதிலேயே நிறைவேறிவிடும்.

இனி வட்டி. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. அதனால் வட்டியும் கிடையாது என்றுதான் பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறார்கள். தனிவட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். கணக்குக்காக 10 சதவீதம் வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு முடிவில் ஏழரை லட்சம் 10,12,500 ஆகியிருக்கும். பத்தாண்டில் அடைத்தால் மாதம் சுமார் 13,400. வட்டியை மட்டும் அந்தந்த மாதமே கட்டி வந்தால் முதல் ஆண்டில் மாதம் 1,560 ரூபாய், நான்காம் ஆண்டில் 6,250. பிறகு தவணை 9,900தான். இப்படிக் கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டிக் குறைப்பும் பல வங்கிகளில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால் தாசில்தார் வருமானச் சான்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்படிப்பு என்றால் படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்குமான வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டும். எட்டு லட்சம் வரை வருமானம் என்றால் மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தில் 3 சதவீத வட்டி மானியம். ஆனால் அந்தத் திட்டத்தில் எல்லாக் கல்லூரிகளுக்கும் இடமில்லை; 2024 நவம்பரில் அறிவித்தபோது சுமார் 860 கல்வி நிறுவனங்களுக்குத்தான் இடம் இருந்தது. கல்லூரிப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று திட்டத்தின் இணையதளத்திலேயே பாருங்கள், அட்மிஷன் கவுண்டரில் சொல்வதை நம்ப வேண்டாம்.

"கடனே வேண்டாம், சிஇடி எழுதியிருக்கலாமே" என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது வருவார்கள். சிஇடி என்பது கர்நாடக அரசின் நுழைவுத் தேர்வு. கர்நாடகத்தில் ஏழாண்டு படித்த பிள்ளைக்கு, அந்தத் தேர்வை நடத்தும் கேஇஏ என்ற அரசு ஆணையம் வழியாக அதே தனியார் கல்லூரியில் ஏறக்குறைய பாதிக் கட்டணத்தில் இடம் கிடைக்கும் என்பது உண்மைதான். உங்கள் மகள் சிஇடி எழுதியிருந்தால் அடுத்தடுத்த சுற்றுகளைப் பார்க்காமல் விடாதீர்கள். ரேங்க் எட்டாதவர்களும் படிக்கத்தானே வேண்டும்? அவர்களுக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நம் தமிழ் ஆட்களின் கடன் மனு எங்கே சிக்குகிறது தெரியுமா? இனிஷியலில். மதிப்பெண் அட்டையில் 'பிரியா கே', ஆதாரில் 'பிரியா', பான் அட்டையில் 'பிரியா கருணாகரன்'. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். பத்தாம் வகுப்பு அட்டையை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள். நேரமில்லை என்றால் மூன்றும் ஒருவரே என்று ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி கையெழுத்துடன் பிரமாணப் பத்திரம் கொடுங்கள். அப்பாவின் பெயருக்கும் இதே சோதனை உண்டு. அவருடைய பழைய கிரெடிட் கார்டு பாக்கி பேரம் பேசி முடிக்கப்பட்டு, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று கிடந்தால் அது பெரிய தடை. சம்பளம் வாங்கும் அம்மாவைக் கூட்டுக் கடனாளியாகப் போடுவது நல்லது.

விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டு எண்ணை வாங்கிக்கொண்ட பிறகே கிளைக்குப் போங்கள். "உங்கள் ஏரியா இது இல்லை" என்று திருப்பி அனுப்பினால், அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள். எழுத்தில் காரணம் கேளுங்கள். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு இல்லை.

எனக்கு ஆறாத ஆத்திரம் ஒன்று உண்டு. கடனோடு சேர்த்துக் கட்டிவிடும் இன்ஷூரன்ஸ். பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றி அதற்கும் வட்டி போடுகிறார்கள், பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. கையெழுத்துக்கு முன் சாங்ஷன் லெட்டரில் அந்த வரியைத் தேடுங்கள். டொனேஷனும் அப்படித்தான். 1984லேயே கர்நாடகத்தில் சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று, இன்னும் ரசீதில்லாமல் வாங்குகிறார்கள். ரசீதில்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது.

இரண்டாம் ஆண்டிலிருந்து பணம் தானாகப் போகாது. மதிப்பெண் அட்டையையும் கல்லூரியின் கட்டணக் கடிதத்தையும் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கிளையில் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தாமதமானால் கல்லூரி போடும் அபராதம் உங்கள் தலையில்தான் விழும்.