பல் பிடுங்க வேண்டுமென்று அசிட்ரோமை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை போடுகிறார். அடுத்த வாரம் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும். ரத்தம் நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று நெட்டில் படித்ததால் மூன்று நாளாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறோம். கையில் சின்னச் சின்ன ஊதாத் திட்டுகள் வேறு வருகின்றன. கீரையையும் விட்டுவிட்டோம். சரிதானே?

பதில்: மூன்று நாளாகவா! மீதியை அப்புறம் படியுங்கள், முதலில் அம்மாவின் இதய மருத்துவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, இன்றே மாத்திரையைத் தொடங்குவது பற்றிக் கேளுங்கள். விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டு மடங்காகக் கொடுத்துவிடாதீர்கள். மாத்திரை திரும்பவும் முழுதாக வேலை செய்யச் சில நாள் பிடிக்கும், அதுவரை ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி வேண்டுமா என்பதையும் அவர்தான் முடிவு செய்வார்.

பல் குழி கைக்கு எட்டுகிற இடம். துணியை மடித்து வைத்து இருபது, முப்பது நிமிடம் கடிக்கச் சொல்லலாம், தையல் போடலாம், ஜெலட்டின் பஞ்சை உள்ளே வைக்கலாம், டிரானெக்ஸாமிக் அமிலத்தில் வாய் கொப்பளிக்க வைக்கலாம். உலோக வால்வில் ரத்தம் உறைந்து கட்டியானால் அங்கே யார் போய் அழுத்துவது? அந்தக் கட்டி வால்வையே இயங்கவிடாமல் செய்யும், இல்லையென்றால் பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் விடும். நெட்டில் இதைத் தேடிப் பார்த்தீர்களா?

உலோக வால்வு வைத்தவர்களில் பலருக்கு நெஞ்சிலிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்கும், ராத்திரி பக்கத்தில் படுப்பவருக்கும் கேட்கும். வழக்கமாகக் கேட்கிற அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ நின்றுபோனாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ, வாய் கோணிப் பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ, விடியட்டும் பார்க்கலாம் என்று உட்காராமல் 108-ஐக் கூப்பிட்டு எக்கோ வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பல்லைத் தாராளமாகப் பிடுங்கலாம், அதுவும் மாத்திரையை நிறுத்தாமலே. முந்தின 24 மணி நேரத்துக்குள் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, எண் கூடினால் மெதுவாக உறைகிறது என்று அர்த்தம்) பாருங்கள். மைட்ரல் உலோக வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருப்போம், 4-க்குக் கீழே இருந்தால் சாதாரணமாக ஒன்றிரண்டு பல்லை எடுக்கத் தடையில்லை. காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள், ரத்தம் கசிந்தால் டாக்டர் பகலிலேயே கிடைப்பார். வால்வு இருப்பதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், கிருமி வால்வில் போய் ஒட்டாமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பிடுங்கிய பிறகுதான் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் பல்வலி என்று கேட்டு ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது! டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், புரூஃபென் எதுவும் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் அசிட்ரோம் போடுவதைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், அது ஐஎன்ஆரை எகிற வைக்கும்.

எச்சில் ஒரு நாள் இளஞ்சிவப்பாக வரும், அதற்குப் பதற வேண்டாம். குழியை அழுத்தியும் நிற்காமல் வாய் நிறைய ரத்தம் வந்தால் மட்டும் திரும்பப் போங்கள். சின்னத் திட்டுகளை ஐஎன்ஆர் பார்க்கும்போது டாக்டரிடம் காட்டினால் போதும். கீரையை விட வேண்டியதில்லை, எப்போதும் சாப்பிடுகிற அளவே சாப்பிடட்டும்.