பிஸ்டன் கைக்கு வந்த பிறகு பிளொக்கைக் கொடுங்கள்

கேள்வி: அப்பாவின் பி.எஸ்.ஏ. பி31 மோட்டார் சைக்கிள் கொட்டாஞ்சேனை வீட்டுப் பின் விறாந்தையில் இருபது வருடமாக நின்றது. இப்போது இஞ்சினைப் பிரித்துவிட்டோம். சிலிண்டர் பிளொக்கின் உள்ளே துருவும் கீறலும். கிராங்க் சுழலும் இரண்டு பாதிக் கூடான கிராங்க் கேஸின் இடப்பக்கத்தில், பிரேமோடு பூட்டும் காதில் ஒரு வெடிப்பு. ஒரு கராஜ்காரர், “அந்தப் பாதியை மட்டும் பஞ்சிகாவத்தையில் பாவித்ததாக வாங்கிப் போடுவோம், பிளொக்கின் துளையைக் கடைந்து பெருப்பித்து நாற்பது போர் அடிப்போம், பாதிக் காசை இப்போதே தாருங்கள்” என்கிறார். இன்னொருவர் வெடிப்பை ஒட்டலாம் என்கிறார். யாரை நம்புவது? வேலை பிழைத்தால் காசைத் திருப்பிக் கேட்க வழி உண்டா?

பதில்: காசை இன்னும் கொடுக்கவில்லை என்றால் நல்லது, கையிலேயே இருக்கட்டும். கேஸை மாற்ற வேண்டாம், ஒட்டுங்கள்.

பி31இன் இஞ்சின் நம்பர் அந்த இடப்பக்கப் பாதியில்தான், பிளொக் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே குத்தியிருக்கும். பதிவுப் புத்தகத்தில் இருப்பதும் அதே நம்பர். வேறொரு பாதியைப் பூட்டினால் வேறொரு வண்டியின் நம்பரோடு நிற்பீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால், விற்கப் போகும் நாளில் வில்லங்கம். இன்னொன்று, கேஸின் இரண்டு பாதிகளையும் சோடியாகப் பூட்டி வைத்துத்தான் தொழிற்சாலையில் பெயரிங் துளைகளைக் கடைந்தார்கள். அக்கால ஆங்கில இஞ்சின்கள் பலவற்றில் இரண்டு பாதிகளின் அடியிலும் ஒரே சின்ன நம்பர் குத்தியிருப்பது அதற்காகத்தான். எங்கோ கிடந்த பாதியைக் கொண்டுவந்து பூட்டினால் கிராங்க் நேராக நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஒட்டுவது என்றால் அலுமினியத்துக்கு ஆகன் வாயுவில் செய்யும் டிக் வெல்டிங். பசை பூசி மறைக்கும் வேலை பாரம் தாங்கும் காதுக்கு ஆகாது. வெல்டிங்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எண்ணெயை எப்படி எடுப்பீர்கள்?” எழுபது வருட வார்ப்பு, எண்ணெயைக் குடித்து ஊறிப்போயிருக்கும். கழுவித் துடைத்தால் பளபளக்கும். சூடு காட்டியவுடன் துளைகளிலிருந்து கறுப்பாக வியர்க்கும். அதன் மேல் ஒட்டினால் உள்ளே குமிழிதான். வேலை தெரிந்தவர், “இரண்டு மூன்று தரம் சூடாக்கித் துடைப்பேன், வெடிப்பின் நுனியில் துளை போட்டு நிறுத்துவேன், வெடிப்பை வி வடிவில் அரம் போட்டுத் திறப்பேன்” என்பார். “அதெல்லாம் தேவையில்லை, பின்னேரம் வாருங்கள்” என்பவரிடமிருந்து கேஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பெயரிங்குகளை முதலே கழற்றிவிட்டு, இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பூட்டி வைத்து ஒட்டினால் கோணுவது குறையும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் பொருந்து முகத்தை வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு எங்காவது நுழைகிறதா என்று சுற்றிவரப் பாருங்கள். நம்பரை ஒட்டுக்கு முன்பும் பின்பும் படம் எடுத்து வையுங்கள். அதன் மேல் அரமோ கிரைண்டரோ படவே கூடாது.

இனிப் பிளொக். நாற்பது என்று அவர் எதை வைத்துச் சொன்னார்? அளந்தாரா? பி31இன் போர், அதாவது துளையின் விட்டம், 71 மில்லிமீற்றர். மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் முன்-பின்னாகவும் குறுக்காகவும் ஆறு அளவு எடுத்தால்தான் தேய்மானம் தெரியும். நீங்களே விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கும் கீறலும் துருக்குழியும் ஹோன் செய்து, அதாவது கல்லால் மெல்லத் தேய்த்து, போகாது, கடையத்தான் வேண்டும். ஆனால் இருபதில் துப்புரவாகும் பிளொக்கை நாற்பதுக்குக் கடைவது, அடுத்த போரை இப்போதே தின்பது. அறுபதைத் தாண்டினால் மிஞ்சுவது உள்ளே புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ்தான்.

அந்த “நாற்பது” என்ற சொல்லிலும் ஒரு பொறி. ஆங்கில வண்டிக்கு நாற்பது என்றால் அங்குலத்தில் ஆயிரத்துக்கு நாற்பது, கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர். ஜப்பான் வண்டிகளோடு பழகிய லேத்தில் ஐம்பது என்றால் 0.50 மில்லிமீற்றர். அலகு எழுதாத துண்டில் எது வேண்டுமானாலும் நடக்கும்.

நான் இந்தப் பாடத்தை ஹொண்டா சி.டி. 125இல் படித்தேன். பிளொக்கைக் கொடுத்தேன், “எழுபத்தைந்து அடித்தாயிற்று” என்றார்கள், சந்தோஷமாக வாங்கி வந்தேன். அப்புறம் பிஸ்டன் தேடினால் நூறுதான் கிடைக்கிறது. இரண்டாம் தரம் கடைந்தேன், கூலியும் இரண்டு தரம். ஆகவே பிஸ்டனையும் வளையங்களையும் முதலில் வாங்குங்கள். அவற்றைப் பிளொக்கோடு சேர்த்து லேத் பாஸின் கையில் கொடுத்து, பிஸ்டன் பெட்டியில் போட்டிருக்கும் இடைவெளிக்குக் கடையச் சொல்லுங்கள். பிக் என்ட் (கொனெக்டிங் ரொட் கிராங்கோடு சேரும் பெயரிங்) ஆடினால் அதையும் இப்போதே பாருங்கள்.

காசு விடயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். வேலையை உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்து தருவதாக உத்தரவாதம் தந்ததாகவே அது கொள்கிறது. நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும். முறைப்பாடு எழுத்தில், வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். வழி கேட்க 1977க்கு அழைக்கலாம். பழைய வண்டிக்காரர்கள் தவறவிடுவது இந்த மூன்று மாதத்தைத்தான். பிளொக்கை இன்று கடைந்து, இஞ்சினை அடுத்த வருடம் ஸ்டார்ட் பண்ணினால் முறைப்பாட்டுக்கு நேரம் இராது. எனவே பொருளை எடுக்கும் அன்றே அளந்து பாருங்கள். சிட்டையில் “ரீபோர்” என்று ஒரு சொல்லோடு விடாமல் “பி31 பிளொக், +0.020 அங்குலம், கொடுத்த பிஸ்டனுக்கு” என்று எழுதுவியுங்கள்.

கேள்வி: பாவித்த சிலிண்டர் ஹெட் வாங்கினேன். பிளக் மரை வழுக்குகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம். எறிவதா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: எறிய வேண்டாம். துளையைப் பெருப்பித்து உங்கள் பிளக்கின் அளவுக்கு மரைச் சுருளோ புஷ்ஷோ போடலாம், சாதாரண லேத் வேலைதான். அந்தக் கூலியைத் தரும்படியோ விலையில் கழிக்கும்படியோ கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், முழுக் காசைக் கேட்பதைவிட அது நடக்கக்கூடியது. அடுத்த முறை பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு நல்ல பிளக் இருக்கட்டும். கடை வாசலிலேயே விரலால் திருகிப் பாருங்கள், ஸ்பானர் இல்லாமல் அடிவரை போக வேண்டும்.